பெரிய வண்டியில பின்னாடி தெரியலையா? முதல்ல ஒரு குடம் எடுங்க

எங்க காரைக்குடி பக்கம் வீட்டு முகப்பு ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல இருக்கும். படைப்பு (முன்னோருக்கு படைச்சு கும்புடறது), கல்யாணம்னு வந்துட்டா ரெண்டு தெருவுலயும் வண்டி நிக்கும், நடுவுல பிள்ளைங்க ஓடிக்கிட்டே இருக்கும். ஒரு படைப்பு அன்னிக்கு என்னோட ஏழு சீட்டு வண்டிய ரிவர்ஸ் எடுத்தேன், டொக்குனு சத்தம், எறங்கி பாத்தா ஒரு குட்டி சைக்கிள் ஹேண்டில் மடங்கி கெடக்கு. நல்லவேளை ஓட்டுன பிள்ளை திண்ணையில நின்னுச்சு. மூணு கண்ணாடியும் பாத்துட்டுத்தான் எடுத்தேன், எதுவுமே தெரியல. அதுக்கப்புறம் ஒண்ணொண்ணா நான் செஞ்சது இது.

முதல்ல, எவ்வளவு தூரம் தெரியலைங்கறத அளங்க. எஞ்சின ஆஃப் பண்ணிட்டு நீங்க டிரைவர் சீட்ல உக்காருங்க, வீட்டுல ஒருத்தர் பிளாஸ்டிக் குடத்த பம்பர ஒட்டி வச்சு, நடு கண்ணாடியில குடத்தோட வாய் உங்களுக்கு தெரியற வரைக்கும் பின்னாடி நகர்த்திக்கிட்டே போகட்டும். தெரிஞ்ச எடத்துல சாக்பீஸ்ல கோடு போட்டு டேப் வச்சு அளங்க. எனக்கு கிட்டத்தட்ட 20 அடி வந்துச்சு. தவழ்ற பிள்ளையும் அந்தக் குடத்து உயரம்தான்.

அடுத்து காசில்லாத வேலை. கடைசி சீட்டு ஹெட்ரெஸ்ட்ட எறக்குங்க, ஆள் இல்லன்னா சீட்டையே மடக்கிடுங்க. பின் கண்ணாடியில கருப்பு ஃபிலிம் இருந்தா உரிச்சிடுங்க, 2012லயே சுப்ரீம் கோர்ட் அத தடை பண்ணிடுச்சு, ராத்திரியில அதுக்குள்ள பாத்தா ஒண்ணும் தெரியாது. சைடு கண்ணாடியில நம்ம வண்டி ஒரு விரல் அகலத்துக்கு மேல தெரிய வேணாம், மிச்சமெல்லாம் ரோடுதான் தெரியணும். குவிகண்ணாடிங்கறதால பின்னாடி இருக்கறது நெசத்துல இன்னும் கிட்ட இருக்கும், அது மனசுல இருக்கட்டும்.

இப்ப பின்பக்கத்த காட்டற ரிவர்ஸ் கேமரா. இதுலதான் நெறைய பேர் தடுமாறுறாங்க, பொறுமையா செஞ்சா நாமளே செஞ்சிடலாம். சாவிய ஆன் பண்ணி, எஞ்சின் ஓடாம, ஹேண்ட்பிரேக் போட்டு ரிவர்ஸ் கியர்ல வைங்க, ரிவர்ஸ் லைட் எரியும், அங்க டெஸ்ட் லேம்ப் (கரண்ட் இருந்தா எரியற சின்ன சோதனை விளக்கு) வச்சு எது பாசிட்டிவ் வயர்னு கண்டுபிடிங்க. அப்புறம் பேட்டரி நெகட்டிவ கழட்டிட்டு வேலைய ஆரம்பிங்க. கேமராவோட செவப்பு வயர் அந்த பாசிட்டிவ்ல, கருப்பு வயர் பாடி எர்த்ல, அதாவது வண்டியோட இரும்பு பாடியில. மஞ்சள் பின் உள்ள வீடியோ வயரோட கூடவே மெல்லிசா ஒரு செவப்பு வயர் ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு இருக்கும், தேவையில்லன்னு வெட்டிடாதீங்க, பின்பக்கம் அதையும் அதே பாசிட்டிவ்ல சேத்து, முன்பக்கம் டேஷ்போர்டுல படம் காட்டற ஸ்கிரீனோட ரிவர்ஸ் வயர்ல குடுத்தாத்தான் கியர் போட்டதும் படம் தானா வரும்.

பின் கதவு தெறக்கற எடத்துல ரப்பர் குழாய்க்குள்ள விட்டு வயர கொஞ்சம் தொங்கல் விட்டு இழுங்க, இறுக்கமா இருந்தா கதவ தெறந்து தெறந்து அறுந்துரும். ஜாயிண்ட்ட சால்டர் வச்சு ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டுனா சுருங்கி பிடிச்சுக்கற குழாய்) போடுங்க, சாதா டேப் நம்மூரு வெயில்ல கோந்து உருகி பிரிஞ்சிரும். ஸ்டெப்னி பின் கதவுல இருந்தா அது மறைக்காத எடமா கேமராவ வைங்க, ஸ்கிரீன் அடியில பம்பர் ஓரம் லேசா தெரியற மாதிரி சாய்ங்க.

பின்னாடி ஏதாவது இருந்தா பீப் அடிக்கற ரிவர்ஸ் சென்சார் 2019 ஜூலைக்கு அப்புறம் வந்த கார்ல கம்பெனியே குடுத்திருக்கும். பழைய வண்டின்னா போட்டுக்கலாம், ஆனா அத மட்டும் நம்பாதீங்க, மெல்லிசான கம்பி, தாழ்வா கெடக்கற கல்லு எல்லாம் அதுக்கு படாம போகலாம்.

ஸ்கிரீன்ல வர்ற கலர் கோட்டையும் அப்படியே நம்ப வேணாம். பம்பர்லேர்ந்து 3 அடி, 6 அடி, 10 அடின்னு தரையில சாக்பீஸ்ல போட்டு எந்தக் கோடு எதுல விழுதுன்னு பாத்துக்கோங்க. நம்மூரு செம்மண் ரெண்டே நாள்ல லென்ஸ மூடிடும், ஈரத்துணியால தொடச்சிட்டு வண்டிய எடுங்க.

கடைசியா அதே குடத்த மறுபடி வச்சு பாருங்க. என் வண்டியில இப்ப பம்பர்லேர்ந்து ஒரு அடியிலயே தெரியுது, வாய் மட்டுமில்ல, அடி வரைக்கும்.