ட்ரெய்லர் லாரியின் பிஃப்த் வீல்: தேர்வும் பராமரிப்பும்

கப்பலூரிலிருந்து கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் போகிற வண்டியானாலும் சரி, மேலூர்ப் பக்கம் கிரானைட் கல் ஏற்றுகிற வண்டியானாலும் சரி, முன்னால் இழுக்கும் வண்டியையும் பின்னால் வரும் ட்ரெய்லரையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஓர் இரும்புத் தட்டும் அதன் பூட்டுக்குள் உட்காரும் ஒரு முளையும்தான். தட்டைப் பிஃப்த் வீல் என்றும் டர்ன்டேபிள் என்றும் சொல்கிறோம். ட்ரெய்லரின் அடியில் இருக்கும் முளை கிங்பின். டயருக்குக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் உரிமையாளர்கள்கூட இந்தத் தட்டை ஒரு முறை குனிந்து பார்ப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

சில ஆண்டுகளுக்கு முன் மேலூருக்கு அருகே ஒரு யார்டில் என் கண் முன்னே நடந்தது இது. உயரமான வேறொரு வண்டி விட்டுச் சென்ற ட்ரெய்லர், எங்கள் வண்டியின் தட்டைவிட நான்கு விரற்கடை உயரமாக நின்றிருந்தது. வண்டியைப் பின்னால் எடுத்ததும் 'டக்' என்று சத்தம் கேட்டது. பூட்டு விழுந்துவிட்டது என்று எல்லோரும் நம்பினோம். உண்மையில் கிங்பின், அதைக் கவ்விப் பிடிக்கும் பூட்டின் தாடைகளுக்குள் இறங்காமல், அதன் தலை மட்டும் பூட்டின் மேல் தொற்றிக்கொண்டிருந்தது. தனியாக நிற்கும்போது ட்ரெய்லரின் முன்பகுதியைத் தாங்கும் கால்களை ஏற்றிவிட்டு வாசலில் திரும்பியபோது ட்ரெய்லர் நழுவி, அதன் முன்பகுதி எங்கள் வண்டியின் சேஸ் மீது விழுந்தது. காற்றுக் குழாய்கள் அறுந்தன. ட்ரெய்லர் காலியாக இருந்ததாலும் பக்கத்தில் ஆள் இல்லாததாலும் யாருக்கும் காயமில்லை. அன்று முதல் சத்தத்தை நம்பி நான் வண்டியை எடுத்ததில்லை.

புதிதாக வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது கிங்பின்னின் விட்டம். சாதாரணச் சரக்கு ட்ரெய்லர்களில் அது 2 அங்குலம், அதாவது 50.8 மி.மீ.; மிகப் பளுவான எந்திரங்களை ஏற்றும் ட்ரெய்லர்களில் 3.5 அங்குலம் வரும். தட்டின் பூட்டு அதே அளவுக்கு உரியதாக இருக்க வேண்டும். இடையில் வளையம் போட்டுச் சரிக்கட்டும் வேலைக்கு ஒருபோதும் இடம் தரக்கூடாது.

அடுத்தது, தட்டின் பெயர்ப் பலகையில் பொறித்திருக்கும் இரண்டு எண்கள். ஒன்று, தட்டின் மேல் இறங்கக்கூடிய பளு. மற்றொன்று, இழுவிசையைக் குறிக்கும் டி மதிப்பு. இது கிலோநியூட்டனில் இருக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட, தட்டின் மீதுள்ள பளுவையும் சேர்த்த இழுவை வண்டியின் எடையையும் ட்ரெய்லரின் முழு எடையையும் டன்னில் பெருக்கி, அதை 0.6 ஆலும் 9.81 ஆலும் பெருக்கி, இரண்டு எடைகளின் கூட்டுத்தொகையிலிருந்து தட்டின் மீதான பளுவைக் கழித்தால் கிடைக்கும் எண்ணால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, இழுவை வண்டி 18.5 டன், ட்ரெய்லர் 38.5 டன், தட்டின் மீது 11.5 டன் என்றால், விடை ஏறத்தாழ 92 கிலோநியூட்டன். பலகையில் உள்ள எண் இதைவிடத் தாராளமாகக் கூடுதலாக இருப்பதையே நான் விரும்புவேன்.

கல் ஏற்றுகிறவர்கள் பளுவின் கணக்கில் தனிக் கவனம் வைக்க வேண்டும். கிரானைட் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.7 டன் இருப்பதால், ஒரே பெரிய கல்லை முன்னால் நகர்த்தி வைத்தால் தட்டின் மீதும் இழுவை வண்டியின் பின் அச்சின் மீதும் பளு சட்டென்று ஏறிவிடும். தட்டைப் பின் அச்சின் மையத்துக்குச் சற்று முன்னால் பொருத்துவதும் இதே காரணத்தால்தான். பின்னால் தள்ளிப் பொருத்தினால் முன் சக்கரங்களில் பளு குறைந்து ஸ்டீயரிங் பிடிமானம் இழக்கும்.

பெயர்ப் பலகை இல்லாத பழைய தட்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். வெடிப்பு விட்ட தட்டை வெல்டிங் வைத்து ஓட்டுவதும் கூடாது. சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த வெடிப்பு கிளம்பும்.

பராமரிப்பில் பெரும்பகுதி கிரீஸ்தான். பழைய கிரீஸின் மேலேயே புதியதை அப்புவது நம் பட்டறைகளில் பரவலான பழக்கம். கல் குவாரித் தூசியும் சாலை மணலும் கலந்த பழைய கிரீஸை இரு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், உப்புத்தாள் போல நறநறக்கும். அது தட்டையும் தாடையையும் ஒவ்வொரு திருப்பத்திலும் அராவிக்கொண்டிருக்கிறது. ஆகவே முதலில் சுரண்டித் துடைத்துவிட்டு, அதிக அழுத்தம் தாங்கும் லித்தியம் கிரீஸைத் தட்டின் மேலும் தாடைகளிலும் பூட்டின் உட்புறத்திலும் தடவ வேண்டும். பொதுவாக 10,000 கி.மீ.க்கு ஒரு முறை என்பார்கள். குவாரிக்குள் போய்வரும் வண்டிக்கு அதில் பாதி தூரத்திலேயே செய்துவிடுவது நல்லது. திரும்பும்போது ஸ்டீயரிங் கனத்தால் தட்டு வறண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தட்டு துடைத்துச் சுத்தமாக இருக்கும் அந்த நேரத்திலேயே வெடிப்பு, தளர்ந்த போல்ட், பூட்டைத் திறக்கும் கைப்பிடியின் ஸ்பிரிங் ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். வெர்னியர் கொண்டு கிங்பின்னை இரண்டு திசைகளில் அளக்க வேண்டும். 2 அங்குல முளை 49 மி.மீ.க்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியாக வேண்டும். பிரேக் பிடிக்கும்போதும் கிளம்பும்போதும் முதுகில் இடிப்பதுபோல் உணர்ந்தால், பூட்டில் இடைவெளி விழுந்திருக்கிறது என்று பொருள். திருகி இறுக்கும் வசதி உள்ள தட்டுகளில் அதைச் சரிசெய்யலாம். அதற்கும் அடங்காவிட்டால் தாடைகளை மாற்ற வேண்டும்.

ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் ட்ரெய்லரின் முன்பகுதி தட்டைவிடச் சற்றுத் தாழ்வாக இருந்து, வண்டி உள்ளே நுழையும்போது தட்டின் சரிவில் ஏறி உயர வேண்டும். பூட்டு விழுந்த பிறகு, ட்ரெய்லரின் பிரேக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு முதல் கியரில் மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். பின்னர் இன்ஜினை நிறுத்தி, கை பிரேக் போட்டு இறங்கி, டார்ச் விளக்குடன் அடியில் குனிந்து மூன்றைப் பார்க்க வேண்டும்: தட்டுக்கும் ட்ரெய்லரின் அடித்தட்டுக்கும் இடையே வெளிச்சம் தெரியக்கூடாது, தாடைகள் முளையின் கழுத்தைச் சுற்றி மூடியிருக்க வேண்டும், கைப்பிடி முழுக்க உள்ளே போய்க் கொக்கி மாட்டியிருக்க வேண்டும். இவை சரியாக இருந்தால்தான் ட்ரெய்லரின் கால்களை ஏற்ற வேண்டும்.

கழற்றும்போது தரையையும் பாருங்கள். திருமங்கலம், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் மண் மழைக்குப் பின் கால்களை விழுங்கிவிடும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் கனமான பலகை வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கால்கள் பளுவை ஏற்ற பிறகே கைப்பிடியை இழுக்க வேண்டும்.