விடியற்காலைத் தும்மல்: ஸ்ப்ரேயைப் பிடித்த விதம்தான் பிழை

ஹட்டன் பக்கம் மழை தொடங்கினதிலிருந்து தினமும் எழும்பியவுடன் 20 தும்மல், தண்ணீராய் ஒழுகும் மூக்கு, கண்ணில் அரிப்பு. காய்ச்சல் இல்லை. வெளியே வேலைக்குப் போனால் ஒரு மணித்தியாலத்தில் நின்றுவிடும். தடிமன் என்று நினைத்து ஒரு கிழமை கொத்தமல்லி குடித்தேன். அப்புறம் பார்மசியில் வாங்கிய, மூக்கடைப்பைத் திறக்கும் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்து. முதலில் சுகம், பத்தாம் நாள் முன்பைவிட மோசமாக அடைத்தது. அதைச் சில நாளுக்கு மேல் தொடர்ந்து பாவித்தால் மருந்தே மூக்கை அடைக்கும்.

ஒரு மரண வீட்டில் இரண்டு இரவு பாயில் படுத்தேன், தும்மலே இல்லை. அப்போதுதான் என் பழைய இலவம்பஞ்சுத் தலையணையும் கம்பளியும் ஞாபகம் வந்தது. காற்றில் ஈரம் கூடினால் அவற்றில் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் பெருகும், அவற்றின் கழிவுதான் ஒவ்வாமையைக் கிளப்புகிறது.

டொக்டர் புளூட்டிகசோன் என்ற ஸ்டீரொய்ட் மூக்கு ஸ்ப்ரே தந்தார். ஒரு கிழமை அடித்தும் பலனில்லை, இரத்தம்தான் கசிந்தது. நான் இரு மூக்குத் துவாரத்துக்கும் நடுவிலுள்ள தண்டைப் பார்த்து நேராக அடித்து, பலமாக உறிஞ்சி, மருந்தைத் தொண்டைக்கு அனுப்பியிருக்கிறேன். சரியான முறை இது: தலையைக் கொஞ்சம் குனிந்து, வலது கையால் இடது மூக்கில், இடது கையால் வலது மூக்கில், முனையைக் காதுப் பக்கம் சாய்த்து அடித்து, மெதுவாக மூச்சு இழுக்க வேண்டும். உடனே கேட்காது, தினமும் விடாமல் அடிக்க வேண்டும்.

தலையணையை மாற்றினேன், உறைகளையும் விரிப்பையும் கிழமைக்கொருமுறை 60 பாகை செல்சியஸ் சுடுநீரில் ஊறவைத்துத் துவைக்கிறேன், சுவரோரம் இருந்த கட்டிலையும் நகர்த்தினேன். 12 நாளில் தும்மல் நின்றது.