யுவி-கே5 வாக்கி டாக்கியின் பக்கவாட்டுப் பட்டன்களை நம் கைக்கு ஏற்றபடி மாற்றுவது எப்படி?

போன மாதம் ஒரு கார் ராலியில் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) தன்னார்வலராக இரவு முழுக்க ஒரு வளைவில் நின்றிருந்தேன். மலைக்கு அந்தப் பக்கம் இருந்த நண்பரின் குரல் அறுந்து அறுந்து வந்தது. ஸ்குவெல்ச்சை, அதாவது இரைச்சலையும் பலவீனமான சிக்னலையும் அடைத்து வைக்கும் தடுப்பை, திறந்துவிட்டால் இரைச்சலோடாவது கேட்டுவிடும் என்று இருட்டில் தடவிப் பட்டனை அழுத்தினால் டார்ச் எரிகிறது! அவர் சொன்ன வண்டி எண்ணை மூன்று முறை கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இதை மாற்றினேன்.

குவான்ஷெங் யுவி-கே5-இல் பிடிடி-க்கு (பேசும்போது அழுத்தும் பட்டன்) கீழே இரண்டு பட்டன்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் லேசாக அழுத்த ஒரு வேலை, அழுத்திப் பிடிக்க ஒரு வேலை என மொத்தம் நான்கு வேலை கொடுக்கலாம்.

கணினியில் சிர்ப் (CHIRP) என்ற, ரேடியோ அமைப்புகளை மாற்றும் மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம்தான். ரேடியோவைக் கணினியோடு இணைக்கும் கேபிள், 'கென்வுட் வகை' எனப்படும் இரண்டு முள் (பின்) உள்ள பிளக் கொண்டதாக இருக்க வேண்டும். எஃப்டிடிஐ (FTDI) நிறுவனத்தின் சிப் உள்ளதையே வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் கேபிளைக் கணினி அடையாளம் காண உதவும் டிரைவர் மென்பொருளால் தொல்லை இல்லை.

நான் மாட்டிக்கொண்ட இடம் இதற்கு அப்புறம்தான். ரேடியோ பதிலே சொல்லவில்லை என்று சிர்ப் திரும்பத் திரும்பச் சொன்னது. டிரைவரை அழித்துப் போட்டேன், போர்ட்டை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பார்த்தால் பிளக்கின் முள் ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது, பிளக்கின் பிளாஸ்டிக் விளிம்பு ரேடியோ உடம்பில் இடித்துக்கொண்டிருந்தது. விளிம்பைப் பிளேடால் கொஞ்சம் சீவிவிட்டு, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். உடனே படித்துவிட்டது. கை வலிக்கும் அளவுக்கு அழுத்த வேண்டியிருக்கும், பயப்படாதீர்கள்.

ரேடியோவிலிருந்து டவுன்லோடு செய்ததும் எதையும் தொடாமல் அந்த ஃபைலைத் தனியாகச் சேமித்துவிடுங்கள். பிறகு செட்டிங்ஸில் 'ப்ரோக்ராமபிள் கீஸ்' பகுதிக்குப் போய் வேண்டியதைத் தேர்ந்தெடுத்து அப்லோடு செய்தால் சரி.

என் அமைப்பு இது: மேல் பட்டனை லேசாக அழுத்தினால் மானிட்டர் (ஸ்குவெல்ச்சைத் திறப்பது இதுதான்), அழுத்திப் பிடித்தால் பவர் மாற்றம், ஏனென்றால் பக்கத்தில் இருப்பவரோடு பேச 5 வாட் தேவையில்லை. கீழ்ப் பட்டனை லேசாக அழுத்தினால் டார்ச், அழுத்திப் பிடித்தால் எதுவும் இல்லை. அங்கே அலாரத்தை வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். டோன் முறையில் இருந்தால் சைரன் உங்கள் ஸ்பீக்கரோடு நிற்காது, அலைவரிசையிலும் போகும். இடுப்பில் மாட்டிய செட் எதிலோ உரசி அழுந்தினால், அவசரத்துக்குக் கூப்பிடுகிறவரின் குரல் அதில் அமுங்கிவிடும். பட்டியலில் 1750 ஹெர்ட்ஸ் என்று ஒன்று இருக்கும், அது ஐரோப்பிய ரிப்பீட்டர்களை (சிக்னலை வாங்கித் தொலைவுக்கு மறுபடி அனுப்பும் நிலையங்கள்) திறக்கும் டோன். எனக்கு இதுவரை தேவைப்படவில்லை.

பிற்சேர்க்கை: பக்கத்தில் உள்ள டைப்-சி துளையில் போன் கேபிளைச் சொருகிவிட்டுக் கணினியில் எதுவும் வரவில்லை என்று இரண்டு பேர் கேட்டார்கள். அது சார்ஜ் ஏற்ற மட்டும்தான். இன்னொருவர் பிடிடி-யைப் பிடித்துக்கொண்டே ரேடியோவை ஆன் செய்திருக்கிறார். அது ஃபர்ம்வேர் (ரேடியோவின் உள் மென்பொருள்) ஏற்றும் நிலை, டார்ச் எரியும், திரை இருண்டிருக்கும், சிர்ப்பால் படிக்க முடியாது. அணைத்துவிட்டுச் சாதாரணமாக ஆன் செய்யுங்கள்.