நாயனம் சுருதியில் நிற்கவில்லையா? மரத்தில் கை வைக்கும் முன்

நாயனம், அதாவது நாதசுவரம், சுருதி விலகினால் பலருக்கும் கை முதலில் போவது துளைக்குத்தான். மெழுகை வைப்பது, எடுப்பது, மறுபடி வைப்பது. அரை நாள் போன பிறகு பார்த்தால் கோளாறு சீவாளியில் (வாயில் வைத்து ஊதும் தட்டை) இருந்திருக்கும். பார்க்க வேண்டிய வரிசை இது: சுருதிப் பெட்டி, சீவாளி, கெண்டை (சீவாளியைக் குழலில் பொருத்தும் சிறு உலோகக் குழாய்), மெழுகு, காற்றுக் கசிவு. உலவில் (நாயனத்தின் மரக்குழல்) கத்தி வைப்பது எல்லாம் முடிந்த பிறகு, அதுவும் ஆசாரி கையால்.

பெட்டியிலிருந்து ஆரம்பிப்பதற்குக் காரணம் உண்டு. மின்சுருதிப் பெட்டியில் நுண்ணிய ஏற்ற இறக்கத்துக்கென்று ஒரு திருகு இருக்கும். பையில் உருண்டு வந்ததில் அது கொஞ்சம் திரும்பியிருந்தால், நல்ல நாயனமும் அபசுரமாகத்தான் கேட்கும். கைபேசியில் ஒரு ட்யூனர் (சுருதி அளக்கும்) செயலியை A = 440 ஹெர்ட்ஸுக்கு வைத்துச் சரிபாருங்கள். 2 கட்டைச் சுருதியில் சட்ஜம் (ஸ) 293.7 ஹெர்ட்ஸ், இரண்டரைக் கட்டை 311.1. பெட்டி மேல் ஸ்தாயியில் ஒலித்தால் இதன் இரட்டிப்பு வரும்.

அடுத்து, ஐந்து நிமிடம் ஊதிக் குழலைச் சூடாக்கிவிட்டு, ஒவ்வொரு சுரத்தையும் கமகம் இல்லாமல் நாலு விநாடி நிறுத்தி ஊதுங்கள். மூச்சு ஒரே அளவாக இருக்கட்டும். எது எத்தனை சென்ட் ஏறுகிறது, இறங்குகிறது என்று காகிதத்தில் குறியுங்கள் (அரைக்கட்டைக்கு 100 சென்ட்). அதே நாயனத்தை இன்னொருவரையும் ஊதச் சொல்லுங்கள். அவர் கையில் சரியாகப் பேசினால் கோளாறு நாயனத்தில் இல்லை, ஊதுகிறவர் உதட்டில். மூன்று மணி நேரம் ஊதி உதடு தளர்ந்தவருக்கு மேல்சுரம் இறங்கத்தான் செய்யும்.

குறித்த காகிதமே பாதி பதில் சொல்லிவிடும்.

எல்லாச் சுரமும் கிட்டத்தட்ட ஒரே அளவு விலகினால் சீவாளியையும் சூட்டையும் பாருங்கள். அடிச்சுரங்கள் சரியாக இருந்து, மேலே போகப் போக ஏறிக்கொண்டே போனால், சீவாளி உள்ளே அதிகம் இறங்கியிருக்கிறது. மேலே போகப் போகக் கம்மியானால் வெளியே அதிகம் நிற்கிறது. மேல் துளைகளுக்குக் காற்றுத்தம்பம் (குழலுக்குள் அதிரும் காற்றின் நீளம்) குட்டை. அதனால் தலைப்பக்கம் ஒரு சின்ன மாற்றம் வந்தாலும் அங்கேதான் முதலில் தெரியும். ஒரே ஒரு சுரம் மட்டும் விலகினால் அந்தத் துளை. அடிச்சுரம் மட்டும் என்றால் பிரம்மசுரத் துளைகள் (குழலின் அடியில் விரல் படாத துளைகள்), அல்லது அணசு (அடியில் விரிந்த வாய்).

சீவாளி

நனைத்த சீவாளியை விளக்குக்கு நேரே பிடித்து வாயைப் பாருங்கள். இரண்டு இதழும் ஒரே மாதிரி வளைந்து, நடுவில் நெல்மணி போல இடைவெளி தெரிய வேண்டும். ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் புடைத்தும் இருந்தால் சுருதி நிலைக்காது. வாய் அதிகம் திறந்திருந்தால் சுருதி கம்மியாகும், மூச்சும் அதிகம் வேண்டியிருக்கும். ஈரமாக இருக்கும்போதே தட்டைப் பக்கத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துப் பத்து விநாடி அமுக்குங்கள். வாய் ஒட்டிக்கொண்டிருந்தால் சுருதி ஏறிச் சத்தமும் நெரியும். ஊசியை மெல்ல உள்ளே விட்டு அகட்டுங்கள். உலர்ந்த சீவாளிக்குள் ஊசியை விட்டால் கொறுக்கந்தட்டை பிளந்துவிடும். முதலில் ஈரம், பிறகுதான் ஊசி.

பக்கவாட்டுக் கசிவுக்கு ஒரு சோதனை உண்டு. அடித்துவாரத்தை விரலால் மூடி, வாய்ப்பக்கம் காற்றை உறிஞ்சி எடுங்கள். இதழ்கள் ஒட்டி ஒரு கணம் நின்று, பிறகு ‘டப்’ என்று விட்டால் நல்லது. ஒட்டவே இல்லை என்றால் விளிம்பில் காற்று போகிறது. அந்தச் சீவாளியைச் சாதகத்துக்கு ஒதுக்குங்கள், கச்சேரிக்கு வேண்டாம்.

அதிகம் ஊறிய சீவாளி மெத்தென்று ஆகிச் சுருதியை இறக்கும், காய்ந்தது ஏற்றும். ஏசி மண்டபத்தில் தவில்காரர் தனி வாசித்து முடிப்பதற்குள் சீவாளி காய்ந்துவிடுகிறது. நாயனத்தில் கட்டித் தொங்கும் மாற்றுச் சீவாளிகளில் ஒன்றையாவது முன்கூட்டி நனைத்து வையுங்கள்.

சூடு

குழலுக்குள் இருக்கும் காற்று 1 டிகிரி சூடேறினால் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் ஏறும். வைகாசி முகூர்த்தம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை அழைப்பு தெருவில் 37 டிகிரியில் போகிறது. மண்டபத்துக்குள் ஏசி 23. கணக்குப்படி 42 சென்ட் வித்தியாசம். ஊதுகிறவரின் மூச்சு குழலைச் சூடாக வைத்திருப்பதால் அவ்வளவும் இறங்காது. ஆனாலும் காது கண்டுபிடிக்கிற அளவுக்கு இறங்கும். பெட்டி மட்டும் இடித்த புளி மாதிரி அதே இடத்தில் நிற்கும். தனி நடக்கும்போது நாயனத்தைத் துண்டில் சுற்றி மடியில் வையுங்கள்; தனி முடியப்போகும்போது துளைகளை மூடிச் சத்தமில்லாமல் இரண்டு மூன்று முறை சூடான மூச்சை உள்ளே விடுங்கள். சித்திரையில் மாசி வீதிப் புறப்பாட்டில் இதற்கு நேர்மாறு: சுருதி ஏறும், சீவாளியை வெளியே இழுக்க வேண்டியிருக்கும்.

கெண்டை

இழுக்கவும் தள்ளவும் அளவு கெண்டையில் சுற்றும் நூலில் இருக்கிறது. ஒரு சுற்று கூட்டினால் கெண்டை கொஞ்சம் வெளியே நிற்கும், சுருதி இறங்கும். ஒரு சுற்று குறைத்தால் உள்ளே இறங்கும், சுருதி ஏறும். ஒரு தடவைக்கு அரை நூலுக்கு மேல், அதாவது ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் மாற்றாதீர்கள். தச்சர் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல். மாற்றிய பிறகு மேல், கீழ் இரண்டு சட்ஜத்தையும் ஊதிப் பாருங்கள். ஒன்றைச் சரிசெய்யப் போய் மற்றது கெட்டிருக்கலாம்.

ஆரம்பத்தில் சரியாக இருந்து, ஊத ஊதச் சுருதி ஏறிக்கொண்டே போனால் குழல் சூடாவது ஒரு காரணம். கால் மணி நேரத்துக்குப் பிறகும் நிற்கவில்லை என்றால், நூல் தளர்ந்து கெண்டை மெதுவாக உள்ளே போகிறது. பழைய நூலை முழுக்க அவிழ்த்துவிட்டு, மெழுகு தடவிய பருத்தி நூலைப் புதிதாகச் சுற்றுங்கள். பழையதன் மேலேயே சுற்றினால் மறுநாளே தளரும்.

இரட்டை நாயனம் ஒத்துப்போகவில்லை என்றால் இருவரும் சட்ஜத்தை நீளமாகப் பிடியுங்கள். இரண்டு ஒலியும் மோதி ‘வவ்வவ்’ என்று அலையடிக்கும். விநாடிக்கு மூன்று அலை என்றால் இருவருக்கும் 3 ஹெர்ட்ஸ் வித்தியாசம். ஒருவர் மட்டும் கெண்டையை நகர்த்தி, அலை மெதுவாகி நிற்கும் இடத்தில் விடுங்கள். இருவரும் நகர்த்தினால் விடிந்துவிடும்.

மெழுகும் துளையும்

ஒரு சுரம் மட்டும் ஏறி நின்றால், அந்தத் துளையின் உள்விளிம்பில் சீவாளிப் பக்கமாகக் கடுகளவு தேன்மெழுகு வையுங்கள். துளை சுருங்கினால் சுரம் இறங்கும். இரண்டு ஸ்தாயியிலும் ஊதிப் பார்த்து, போதவில்லை என்றால் இன்னொரு கடுகு. சுரம் கம்மியாக இருந்தால் முன்பே வைத்த மெழுகைக் குண்டூசியால் கிள்ளி எடுங்கள். அங்கே மெழுகே இல்லையென்றால் துளையைக் குடைய வேண்டியதுதான். அதை நீங்கள் செய்யாதீர்கள். மெழுகைத் திரும்ப எடுக்கலாம், குடைந்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது.

பிரம்மசுரத் துளைகள் ஐந்து. அடிச்சுரம் ஏறியிருந்தால் அவற்றில் ஒன்றை மெழுகால் பாதி மூடுங்கள், இறங்கியிருந்தால் திறங்கள். அதற்கு முன்னால் அணசுக்குள் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். மாலையிலிருந்து உதிர்ந்த மல்லியும் சுருட்டிச் செருகிய துணியும் உள்ளே கிடந்து, அடிச்சுரத்தைக் கெடுத்துவிட்டு யார்மீதோ பழி போடும்.

மதுரை வெயிலுக்குத் தேன்மெழுகு இளகும். அது உருகுவது 62 முதல் 64 டிகிரியில் என்றாலும், 35ஐத் தாண்டினாலே குழைய ஆரம்பிக்கும். வெயிலில் நிறுத்திய வேனுக்குள் நாயனத்தை விட்டால் மார்கழியில் வைத்த மெழுகு இடம் மாறியிருக்கும். மெழுகோடு கொஞ்சம் குங்கிலியம் சேர்த்து உருக்கினால் இறுகி நிற்கும். மார்கழிக்கு வேறு தொல்லை: உலவின் உள்ளே தேங்காய் எண்ணெய் தடவியிருந்தால் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்து, திருப்பள்ளியெழுச்சி நேரத்தில் உட்சுவரில் படையாக நிற்கும். துடைத்துவிட்டு நல்லெண்ணெய் இரண்டு சொட்டு துணியில் தொட்டு இழுத்தால் போதும்.

இத்தனையும் பார்த்த பிறகும் சுரம் விலகினால் ஆச்சா மரத்தில் மயிரிழை வெடிப்பு இருக்கலாம். எல்லாத் துளைகளையும் மூடி, அணசு வாயை உள்ளங்கையால் அடைத்து, மேல்பக்கத்தில் ஊதுங்கள். வெளியே சோப்பு நீர் தடவிய இடத்தில் குமிழி வந்தால் வெடிப்பு அங்கேதான். அன்றைய கச்சேரிக்கு மெழுகைத் தேய்த்து மேலே நூலை இறுக்கிச் சுற்றிச் சமாளிக்கலாம். மறுநாள் ஆசாரிதான்.

புவிசார் குறியீடு பெற்ற நாதசுவரத்துக்குப் பெயர்போன நரசிங்கம்பேட்டை கும்பகோணம் பக்கம். மதுரையிலிருந்து போய்வர ஒரு நாள் ஆகும். எந்தச் சுரம், எத்தனை சென்ட், என்ன சூட்டில் என்று குறித்த காகிதத்தை எடுத்துப்போங்கள். கூடவே நீங்கள் ஊதும் கெண்டையும் வாய் பழகிய இரண்டு சீவாளியும். அங்கே இருக்கும் சீவாளியில் ஊதிச் சரிசெய்தால், வீட்டுக்கு வந்து உங்கள் சீவாளியைப் போட்டதும் மறுபடி விலகும்.