எங்க வம்சமே இப்படித்தானா? தூக்கம், மனநிலை, ஞாபகத்துக்கு மூன்று தலைமுறைப் படம் போடும் முறை

எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் தூக்கம், மன அழுத்தம், மூளைத்திறன் எல்லாவற்றுக்கும் மரபணு அறிக்கை தருகிறோம் என்று விளம்பரங்கள் வருகின்றன. அதற்குப் பணம் கட்டும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. குடும்பத்தின் மூன்று தலைமுறையை ஒரே தாளில் வரைந்து, யாருக்கு எந்த வயதில் என்ன வந்தது என்று குறிப்பது. பெரும்பாலோருக்கு மருத்துவரிடம் அதிகம் உதவுவது இந்தத் தாள்தான். தூக்கமும் மனநிலையும் ஒரே மரபணுவால் முடிவாவதில்லை. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகின்றன. அந்தத் தள்ளலைக் கூட்டிப் போடும் கணக்குகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவிலிருந்து வந்தவை. நம்மவர்களுக்கு அவை அவ்வளவாகப் பொருந்துவதில்லை.

படம் போடுவது

ஏ4 தாளைக் குறுக்காக வையுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு. கணவன் மனைவிக்கு நடுவே ஒரு கோடு. சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. மேல் வரிசையில் தாத்தா பாட்டிகள் நால்வர், நடுவில் பெற்றோரும் அவர்கள் கூடப்பிறந்தவர்களும், கீழே நீங்களும் உங்கள் கூடப்பிறந்தவர்களும். பென்சிலில் போடுங்கள். ஏழெட்டுப் பிள்ளை பெற்ற வீடுகளில் முதல் தடவை இடம் பத்தாது.

ஒவ்வொருவர் பக்கத்திலும் இப்போதைய வயது அல்லது இறந்த வயது, குறட்டை, இரவில் கால் குடைச்சல், மனநிலைக் கோளாறு, குடி, தற்கொலை, மறதி, எந்த மாத்திரை கேட்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதுங்கள். பலரும் விட்டுவிடுவது பிரச்சினை தொடங்கிய வயதை. அதுதான் முக்கியம். பெரியவர்களிடம் "எத்தனை வயசுல?" என்று கேட்டால் பதில் வராது. "சின்னவ கல்யாணத்துக்கு முன்னயா, பின்னயா?" என்று கேட்டால் வரும்.

"நம்ம வீட்ல யாருக்காவது மனநோய் இருந்துச்சா?" என்றும் கேட்கக் கூடாது. "அதெல்லாம் நம்ம குடும்பத்துல கிடையாது" என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நோயின் பெயரை விட்டு நடத்தையைக் கேளுங்கள். யாராவது நாள் கணக்கில் தூங்காமல் இருந்தார்களா, யாராவது வேலைக்குப் போகாமல் படுத்தே கிடந்தார்களா என்று. அப்போது ஆயா இப்படிச் சொல்லக்கூடும்: "உங்க பெரிய தாத்தா நல்லாத்தான் இருந்தாரு. ஒரு தபா பத்து நாளு தூங்கவேயில்ல, பேசினே இருந்தாரு. கடன் வாங்கி மாடு மேல மாடா ஓட்டினு வந்தாரு. அப்புறம் ரெண்டு மாசம் பாயை விட்டு எழுந்திருக்கல. காத்து சேட்டைன்னு மந்திரிச்சோம்." தூக்கமே இல்லாமல் களைப்பும் இல்லாமல் இருந்தது, கைமீறிய செலவு, பின்னால் வந்த முடக்கம் மூன்றும் சேர்ந்தால் அது இருமுனை மனநோயாக (மிதமிஞ்சிய பரபரப்பும் மனச்சோர்வும் மாறி மாறி வருவது) இருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் பெயர் வைக்க வேண்டாம், அவர் சொன்னபடியே எழுதுங்கள். "நரம்புத் தளர்ச்சி", "பேய் பிடிச்சுது", "கோயில்ல கொண்டுபோய் விட்டிருந்தாங்க", "கிணத்துல தவறி விழுந்துட்டா" என்ற சொற்கள் வரும்போதெல்லாம் மெதுவாக இன்னொரு கேள்வி கேளுங்கள். அழுகை வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

தாளில் முழுப் பெயர் வேண்டாம், முதலெழுத்து போதும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடவே வேண்டாம். வரன் பார்க்கிற வீட்டில் இந்தத் தாள் கைமாறினால், அதனால் வரும் வினையைச் சரிசெய்ய முடியாது.

சொந்தத்தில் கட்டிய வீடுகளில் வரும் தப்புக் கணக்கு

தாய்மாமனும் அக்கா மகளும் மரபணுவில் நான்கில் ஒரு பங்கைப் பகிர்கிறார்கள். மாமன் மகள், அத்தை மகன் என்றால் எட்டில் ஒரு பங்கு. அம்மா தன் தாய்மாமனைக் கட்டியிருந்தால், உங்கள் அப்பாவைப் பெற்ற பாட்டியும் உங்கள் அம்மாவின் பாட்டியும் ஒரே ஆள். அவருக்கு இருந்த நோயை அப்பா பக்கம் ஒன்று, அம்மா பக்கம் ஒன்று என்று எழுதி "ரெண்டு பக்கமும் இருக்கு" என்று பயப்படுவது வழக்கமாக நடக்கும் பிழை. ஒரு தடவை மட்டும் வரைந்து, இரண்டு பக்கத்துக்கும் கோடு இழுங்கள்.

இன்னொன்று. ஒரு வீட்டில் எல்லோரும் சரியாகத் தூங்குவதில்லை என்றால் அது ரத்தமா, வீடா என்று பார்க்க எளிய வழி, கட்டிக்கொண்டு வந்த மருமகளையும் மாப்பிள்ளையையும் கவனிப்பது. வெளியிலிருந்து வந்தவர்களுக்கும் வந்த பிறகு தூக்கம் கெட்டிருந்தால் காரணம் அந்த வீட்டில் இருக்கிறது: சத்தம், புழுக்கம், கடன், குடித்துவிட்டு வருகிறவர். சொந்தத்தில் கட்டிய வீட்டில் இந்த வழி பலிக்காது, ஏனென்றால் மருமகளும் அதே ரத்தம். அங்கே, அதே குடும்பத்தில் பிறந்து வேறு ஊரில் குடியிருப்பவர்களைத்தான் விசாரிக்க வேண்டும்.

இரண்டு வாரக் குறிப்பு

படத்தோடு 14 நாள் தூக்கக் குறிப்பும் வேண்டும். படுத்த நேரம், கண்ணயர்ந்த நேரம், விழித்த நேரம், பகல் தூக்கம், கடைசியாகக் காபியோ டீயோ குடித்த நேரம். காலையில் எழுந்ததும் எழுதுங்கள். ராத்திரி கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினால் இருக்கிற தூக்கமும் போகும். கத்திரி வெயிலில் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள். தூங்குவதற்கு உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். மே மாதத்தில் வேலூரின் கான்கிரீட் தளம் நள்ளிரவிலும் அனல் விடும். அப்போது எழுதிய குறிப்பில் தெரிவது தளத்தின் சூடு, உங்கள் இயல்பு இல்லை. ஆடி கழிந்து எழுதுங்கள்.

உங்கள் உடற்கடிகாரம் எப்படி என்பதை லீவு நாளில்தான் பார்க்க முடியும். அலாரம் இல்லாமல் ராத்திரி 1 மணிக்குத் தூங்கி 9 மணிக்கு எழுந்தால் தூக்கத்தின் நடுப்புள்ளி 5 மணி. 10 மணிக்குத் தூங்கி 5 மணிக்கு எழுந்தால் 1:30. வீட்டில் மற்றவர்களின் நடுப்புள்ளியையும் குறித்து ஒப்பிடுங்கள். இரண்டு எச்சரிக்கை: பால் சொசைட்டிக்கு ஊற்ற நாலு மணிக்கு எழுந்த தாத்தா வைகறை ஆள் என்று ஆகிவிடாது, அது பிழைப்பு. பதின்வயதில் எல்லோருக்கும் கடிகாரம் பின்னால் போய் லேட்டாகத் தூக்கம் வரும், முதுமையில் முன்னால் வந்து சீக்கிரமே வரும். அதனால் ஒரே வயதில் எப்படி இருந்தார்கள் என்று ஒப்பிட வேண்டும்.

இந்தக் கடிகாரத்தின் முதல் மரபணுவைப் பழ ஈக்களில் 1971-ல் கண்டார்கள். அது வேலை செய்யும் விதத்தைக் கண்டறிந்ததற்கு 2017-ல் நோபல் பரிசு. மனிதர்களில், சாயங்காலம் ஏழு ஏழரைக்கே தூங்கி விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு எழும் பழக்கம் தலைமுறையாக வந்த ஒரு குடும்பத்தில் பெர்2 என்ற மரபணுவின் மாற்றம் 2001-ல் தெரியவந்தது. இப்படி ஒரே மரபணுவால் ஆனவை அபூர்வம்.

உங்கள் நடுப்புள்ளி பிந்தியிருந்து, நீங்கள் பின்தூங்கி என்றால் விழித்த உடனே மொட்டை மாடியில் அரை மணி நேரம் வெளிச்சத்தில் இருங்கள், எழும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் இழுத்தால் மூன்றாம் நாள் பழைய இடத்துக்கே போய்விடும். ராணிப்பேட்டைத் தோல் ஆலையிலோ ஆஸ்பத்திரி வார்டிலோ இரவு ஷிப்ட் மாறி மாறிப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஓடாது. ஷிப்ட் இல்லாத ஒரு நீண்ட விடுப்பில் மட்டும் எழுதுங்கள்.

காபி, கால் குடைச்சல்

காஃபீனை உடைப்பது கல்லீரலில் உள்ள சிஒய்பி1ஏ2 என்ற நொதி. அதன் வேகம் மரபணுவால் ஆளுக்கு ஆள் மாறும். சராசரியாக 5 மணி நேரத்தில் பாதி கழியும். சிலருக்கு 2 மணி, சிலருக்கு 10 மணி. பரிசோதனைக்கு லேப் வேண்டாம். 14 நாள், மத்தியானம் 12-க்குப் பிறகு காபியும் டீயும் இல்லை, மற்றது எதையும் மாற்றாதீர்கள். முதல் மூன்று நாள் தலைவலி வரலாம், அந்த நாட்களைக் கணக்கில் விட்டுவிடுங்கள். பீடி, சிகரெட் பிடிப்பவருக்குக் காஃபீன் சீக்கிரம் கழியும். புகையை விட்ட வாரத்தில் அதே அளவு காபி படபடப்பைத் தரும். "பீடியை விட்டதால் நரம்பு கெட்டுப்போச்சு" என்று திரும்பவும் பிடிக்க ஆரம்பிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். காபியைப் பாதியாக்கினால் போதும்.

படுத்ததும் காலுக்குள் என்னவோ ஊர்வது போல, ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் நிம்மதி என்கிற குடைச்சல் குடும்பத்தில் ஓடுவது. ஆனால் அதைக் கிளப்பிவிடுவது பல சமயம் இரும்புச்சத்துக் குறைவு. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்து "நார்மல்" என்று திரும்பிவிடாதீர்கள். உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பாருங்கள், இந்தப் பிரச்சினை உள்ளவருக்கு அது 75-க்குக் கீழே இருந்தால் மருத்துவர் இரும்பு கொடுப்பதை யோசிப்பார். சளி, அரிப்புக்குத் தரும், தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள் குடைச்சலைக் கூட்டும்.

மனநிலை

மனச்சோர்வில் மரபின் பங்கு சுமார் 37% என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. உங்களுக்கு வர 37% வாய்ப்பு என்று இதைப் படிக்கக் கூடாது. ஒரு மக்கள்தொகையில் ஆளுக்கு ஆள் காணும் வித்தியாசத்தில் அவ்வளவு மரபால் வருகிறது என்பதே பொருள். பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ மனச்சோர்வு இருந்தால் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. பெற்றோரில் ஒருவருக்கு இருமுனை நோய் இருந்தால் பிள்ளைகளில் ஏறத்தாழ 100-ல் 5 முதல் 10 பேருக்கு வரலாம். மீதி 90 முதல் 95 பேருக்கு வருவதில்லை என்பதையும் தாளிலேயே எழுதி வையுங்கள்.

மன அழுத்தத்தைத் தாங்குவதற்கு ஒரே மரபணு என்பதை நம்பாதீர்கள். செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளின் கடத்தி மரபணுவில் ஒரு வகை உள்ளவர்களுக்கு அழுத்தத்தால் மனச்சோர்வு அதிகம் வரும் என்று 2003-ல் பெரிதாகப் பேசப்பட்ட முடிவு, பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் நிற்கவில்லை. விற்கப்படும் அறிக்கைகளில் இன்னும் அது இருக்கிறது.

படம் உயிரைக் காக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, மனச்சோர்வுக்கு மருந்து தொடங்கும்போது. குடும்பத்தில் அந்தப் பெரிய தாத்தா மாதிரி ஒருவர் இருந்தால் முதல் நாளே மருத்துவரிடம் சொல்லுங்கள். இருமுனை நோய் உள்ளே இருப்பவருக்கு மனச்சோர்வு மருந்து மட்டும் கொடுத்தால் அது மறுமுனையான பரபரப்புக்குத் தள்ளிவிடக்கூடும். லித்தியம் யாருக்காவது நன்றாகக் கேட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், அந்தப் பலன் குடும்பத்தில் தொடர்வதுண்டு.

இரண்டாவது, பிரசவம். சாதாரணமாக 1000 பிரசவத்துக்கு ஒன்றிரண்டு என்று வரும் கடுமையான மனக்குழப்பம், இருமுனை நோய் உள்ள தாய்க்கு ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வரலாம். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். அந்த நாட்களில் பெண் தாய்வீட்டில் இருப்பாள். மாமியார் வீட்டுக்கு அவள் குடும்பப் படம் தெரியாது, தாய்வீடு அதைச் சொல்லவும் தயங்கும். மகப்பேறு மருத்துவரிடம் ஏழாம் மாதத்திலேயே சொல்லிவிடுங்கள். ராத்திரியில் ஒரு வேளைப் பாலைப் பீய்ச்சி வைத்து வேறொருவர் புகட்டினால் தாய்க்குத் தொடர்ந்து நாலைந்து மணி நேரத் தூக்கம் கிடைக்கும். தூக்கமே வராமல், பேச்சு மாறினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மறதி

எண்பதுக்கு மேல் ஒரு பாட்டிக்கு மறதி வந்தது என்றால் பேரன் பயப்பட ஒன்றுமில்லை. ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று பேருக்கு அறுபதுக்கு முன்பே தொடங்கியிருந்தாலோ, நாற்பது வயதில் கை கால் தானாக ஆட ஆரம்பித்து குணமும் மாறியிருந்தாலோ மரபியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் பி12, தைராய்டு, சர்க்கரை மூன்றையும் முதலில் பாருங்கள். இவை கெட்டாலும் மறதியும் சோர்வும் வரும், இவற்றைச் சரிசெய்யவும் முடியும்.

மரபணுச் சோதனை எப்போது

மருந்து விஷயத்தில் அதற்கு நிஜமான பயன் உண்டு. வலிப்புக்கும் இருமுனை நோய்க்கும் தரும் கார்பமாசபின் தொடங்கும் முன் எச்எல்ஏ-பி*15:02 என்ற மரபணு வகைக்கான சோதனை பற்றிக் கேளுங்கள். அது உள்ளவருக்குத் தோல் உரியும் ஆபத்தான ஒவ்வாமை வரக்கூடும், ஆசியரிடம் அது அதிகம். எஸ்சிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மருந்துகளை மெதுவாக உடைக்கும் சிஒய்பி2சி19 நொதி வகையும் ஐரோப்பியரைவிடத் தெற்காசியரிடம் கூடுதல். சிறு அளவிலேயே பக்கவிளைவு தாங்கவில்லை என்றால் இதைச் சொல்லுங்கள்.

படம், 14 நாள் குறிப்பு, ரத்த முடிவுகள், சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே கவரில் வைத்து வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பாகாயத்தில் உள்ள சிஎம்சி மனநல மையத்துக்கோ எடுத்துப் போங்கள். சம்பவங்கள் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட வரட்டும். சாக வேண்டும் என்ற பேச்சோ, மூன்று நாளாகத் தூக்கமே இல்லாத பரபரப்போ இருந்தால் படம் முடியட்டும் என்று இருக்க வேண்டாம். உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.