பழைய நாற்காலி வாங்கப் போகிறீர்களா? முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

மலேசியாவில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய சாமான் கடைக்குள் கால் வைத்ததும் காதில் விழும் முதல் பேச்சு, "இது துரை பங்களாவிலிருந்து வந்தது அண்ணே, நூறு வருஷம்" என்பதுதான். அந்த ஒரு பேச்சுக்காக நம் ஆட்கள் கொட்டிக் கொடுத்த பணம் கொஞ்சநஞ்சமல்ல. ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, வெள்ளைக்காரத் துரையின் பங்களா என்பது வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த இடம். அங்கே வராந்தாவில் கிடந்த நாற்காலி இன்று நம் கூடத்துக்கு வருகிறது என்றால் மனம் இளகத்தான் செய்யும். முதல் தவறு அந்த இளக்கத்தில்தான் நடக்கிறது.

நானும் செய்தேன். அப்பா தோட்டத்து ஆசாரி. உளியும் கொட்டாப்புளியும் பார்த்து வளர்ந்தவன் நான். பழைய நாற்காலிகளைச் செப்பனிடுவதும் பிரம்பு பின்னுவதும்தான் என் வேலை. அப்படியிருந்தும் ஒருமுறை கைப்பிடிக்கு அடியிலிருந்து பலகை சுழன்று முன்னால் நீளும் சாய்வு நாற்காலி ஒன்றை 1,600 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கினேன். துரைமார் அந்தப் பலகைமேல் காலைத் தூக்கிப் போட்டுப் படுப்பார்கள். கடையில் வெளிச்சம் குறைவு. பிரம்பும் நன்றாக இருந்தது, நிறமும் கருத்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கவிழ்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. அடிச்சட்டத்தில் இருந்த திருகாணி அத்தனையும் கூட்டல் குறி வெட்டியவை. பின்காலின் உள்பக்கத்தில் சாயம் ஏறாத ஓர் இடத்தில் மரம் வெளிறித் தெரிந்தது. இரண்டு கை விரல்களைக் கோத்துக்கொண்டதுபோல், சிறு துண்டுகளைப் பல்லுக்குப் பல் சேர்த்து ஒட்டிய இணைப்பு அங்கே ஓடியது.

கூட்டல் குறித் திருகாணி அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்ததே 1930களின் நடுவில்தான். ஒன்றிரண்டு மட்டும் அப்படி இருந்தால், பின்னால் யாரோ ரிப்பேர் செய்தபோது போட்டிருக்கலாம் என்று விடலாம். எல்லாமே அப்படி என்றால், நூறு வருஷக் கதை அங்கேயே முடிந்தது. அந்தப் பல் இணைப்பும் ஆலையில் ரப்பர் மரப் பலகை செய்கிற முறை. ரப்பர் மரத்தைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பால் வற்றிய மரத்தை வெட்டி அடுப்புக்கும் கரிக்கும், ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடவும் எரித்த காலம் பலருக்கு நினைவிருக்கும். வெட்டிய சில நாளிலேயே பூஞ்சையும் பூச்சியும் பிடிக்கிற மரம் அது. மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகு, 1980களில்தான் பெரிய அளவில் மேசை நாற்காலியாக மாறியது. கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. மரம் அவ்வளவு பழசு என்பதற்காக, அந்த மரத்தில் செய்த நாற்காலியும் வெள்ளைக்காரன் காலத்ததாகிவிடாது.

அதனால் கடைக்காரர் பேசும்போதே நாற்காலியைக் கவிழ்த்துவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம், விற்கத் தெரிந்தவர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். மெய்யாகவே பழைய நாற்காலியில் தேய்மானம் உடம்பு படுகிற இடத்தில்தான் இருக்கும்: கைப்பிடியின் நுனி, பாதம் உரசுகிற முன் குறுக்குச் சட்டம், பின்னால் சாய்த்து ஆடியதால் பின்காலின் அடி. தேய்ப்பு எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இருந்தால் அது உப்புத்தாளின் வேலை. அடிப்பக்கம் காய்ந்து, மங்கி, மெருகில்லாமல் கிடக்க வேண்டும். மேலே கறுப்பும் கீழே அதே கறுப்பும் பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள். கடைந்த காலாக இருந்தால் ஒரு நூலால் குறுக்களவை இரண்டு பக்கமும் எடுத்துப் பாருங்கள். மரம் காயக் காய ரேகைக்குக் குறுக்கே சுருங்குவதால், பல பத்தாண்டு கண்ட உருளைக்கால் சற்றே முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும்.

ஜாவாவின் ஜெப்பாரா நகரத்தில் தேக்கில் அருமையாகச் செய்து அனுப்புகிறார்கள். அதைப் புதுசு என்று சொல்லி விற்றால் தாராளமாக வாங்கலாம். நூறாண்டு தாண்டியதைத்தான் சந்தையில் பொதுவாக ஆன்டிக் என்பார்கள். விண்டேஜ் என்ற சொல்லுக்கு அப்படிக் கறாரான வரம்பு கிடையாது, அந்தச் சொல்லுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். துரை பங்களா என்று சொன்னால் எந்தத் தோட்டம், எப்போது காலி செய்தார்கள், எடுத்தவர் யார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் நாற்காலிக்கு மட்டும் விலை பேசுங்கள்.

கோப்பிக்கடை நாற்காலிக்கு இப்போது கோலாலம்பூரில் பெரிய மவுசு. வளைந்த முதுகும் வட்ட இருக்கையுமாக, தகப்பனாரோடு ரொட்டி பாக்கார் சாப்பிட உட்கார்ந்த அதே நாற்காலி. இந்த வடிவத்துக்கு மூலம் மைக்கேல் தோனெட் 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலி. பீச் மரத்தை நீராவியில் வேகவைத்து வளைத்து, ஆறு மரத்துண்டுகளைத் திருகாணியால் பூட்டினார்கள். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி அடங்கும், கப்பலில் ஏற்ற வசதி. இதே வடிவத்தைப் பல நாட்டில் பல ஆலைகள் செய்தன. அதனால் "ஐரோப்பா சாமான்" என்று தவுக்கே (கடை முதலாளி) சொன்னதும் தலையாட்ட வேண்டாம். இருக்கை வளையத்தின் உள்பக்கம் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். சூடு போட்ட முத்திரையோ கிழிந்த காகிதச் சீட்டோ இருந்தால் அங்கேதான் இருக்கும். செக்கோஸ்லோவாக்கியா என்றிருந்தால் அது 1918க்கு முன்னால் செய்ததாக இருக்க முடியாது, அப்படியொரு நாடே அதற்கு முன் இல்லை. மலேசியா என்று அச்சிட்டிருந்தால் 1963 செப்டம்பர் 16க்குப் பிந்தியது.

இன்னொன்று: திருகாணி கழற்றிப் பூட்டுகிற சாமான் என்பதால், கடைக்காரர்கள் ஒன்றின் முதுகை இன்னொன்றின் இருக்கையோடு சேர்த்துப் பூட்டியிருப்பார்கள். உட்காருவதற்கு அதனால் குறை ஒன்றுமில்லை. முழுசான மூலப் பொருளுக்கான விலையை மட்டும் அதற்குக் கொடுக்காதீர்கள்.

அடுத்து உளு, அதாவது மரத்தை உள்ளிருந்து தின்னும் பூச்சி. என் மனம் அதிகம் அடித்துக்கொள்வது இதற்குத்தான், ஏனென்றால் இந்தத் தவறு ஒரு நாற்காலியோடு நிற்பதில்லை. மரத்தில் குண்டூசி முனை அளவு ஓட்டை தெரிந்தால் பூச்சி அந்த வழியாக உள்ளே போனது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது வெளியே வந்த வழி. புழு மாதக்கணக்கில் உள்ளேயே தின்று, வண்டாகி, கடைசியில்தான் அந்த ஓட்டையைப் போடுகிறது. அதனால் ஓட்டையில் புட்டி அடைத்து வார்னிஷ் பூசினால், உள்ளே இருப்பதை மூடி வைத்ததாகத்தான் ஆகும். மண்ணெண்ணெயில் துடைப்பதும் மேலோடு சரி.

உயிருள்ள உளுவா, செத்த உளுவா என்று அறிய எளிய வழி உண்டு. ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள்: கறுத்து அழுக்கேறியிருந்தால் பழசு, வெளுத்துக் கூராக இருந்தால் புதுசு. பிறகு கறுப்புத் தாளை விரித்து அதன்மேல் நாற்காலியை வையுங்கள். வீட்டுக்குள் வேண்டாம், தாழ்வாரத்தில் வையுங்கள். விரல் முட்டியால் சட்டத்தை நான்கு தட்டுத் தட்டிவிட்டு ஒரு வாரம் விட்டுவிடுங்கள். தாளில் டால்கம் பவுடர் மாதிரி மாவு கொட்டியிருந்தால் வண்டு. கரகரவென்று மணல்போல் உருண்டை கிடந்து, பூதக்கண்ணாடியில் ஆறு பட்டையாகத் தெரிந்தால் அது உலர்மரக் கரையான். மண்ணும் ஈரமும் தேடாமல் மரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்துகிற ஜாதி, கூரைச் சட்டம் வரை போய்விடும். அப்படிப்பட்ட நாற்காலி எவ்வளவு அழகாக இருந்தாலும் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. பூச்சி மருந்துக்காரரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

தேக்கின் வைரத்தில், அதாவது உறுதியான நடு மரத்தில், மாவு வண்டு இறங்காது, ஓரத்து வெள்ளை மரத்தில்தான் இறங்கும். ரப்பர் மரம், மூங்கில், பிரம்பு மூன்றும் அதற்கு விருந்து. மெருகு பூசிய மேற்பரப்பில் அதனால் முட்டையிட முடியாது. அதனால், பூச்சி இல்லை என்று உறுதியான பிறகு, யாரும் கண்டுகொள்ளாத அடிப்பக்கத்துக்கும் ஒரு பூச்சு கொடுத்து வையுங்கள்.

ஆடுகிற நாற்காலிக்கு ஆணி அடிக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். என்னிடம் வருவதில் பாதிக்கு மேல், யாரோ நல்ல மனதோடு அடித்த இரண்டு அங்குல ஆணியால் கழுந்து (துளைக்குள் செருகும் மர முனை) பிளந்தவை. பழைய ஆசாரிமார் மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சிய வஜ்ஜிரத்தால் ஒட்டினார்கள். வெந்நீரும் சூடும் பட்டால் அது இளகிவிடும், கழற்றிச் சுரண்டிவிட்டு மறுபடி ஒட்டலாம். இன்றைய இரட்டைக் குழாய்ப் பசையைப் பூசிவிட்டால் அடுத்த முறை மரம் உடையுமே தவிர, ஒட்டு விடாது.

மெருகையும் அப்படித்தான் பாழாக்குகிறோம். தீபாவளி நெருங்கினால் போதும், இயந்திரத்தை வைத்து உராய்த்துப் பளபளவென்று வார்னிஷ் அடித்துவிடுவோம். எண்பது வருஷம் கைபட்டு ஏறிய நிறம் அரை மணி நேரத்தில் தூளாகிவிடும், பிறகு எந்தச் சாயமும் அதைத் திருப்பித் தராது. முதலில் மறைவான இடத்தில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று இளகினால் அது அரக்கு மெருகு. அழுக்கை மெல்லத் துடைத்து, அதன்மேலேயே புது அரக்குப் பூசிக்கொள்ளலாம். பழைய பெயின்ட் அடித்த நாற்காலி என்றால் இன்னும் கவனம் தேவை. அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருக்கலாம், குழந்தைகள் உள்ள வீட்டில் உலர்வாக உராய்க்கவே கூடாது.

அளவு பார்க்காமல் வாங்குவதும் உண்டு. சாப்பாட்டு மேசைக்கு என்றால் இருக்கை தரையிலிருந்து 43 முதல் 46 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். கால் அழுகிய நாற்காலியை அடியில் அறுத்துச் சமன் செய்து விற்பார்கள், உட்கார்ந்தால் முழங்கால் மேலே வரும். சாய்வு நாற்காலி வாங்குமுன் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு வாசலை அளந்துகொண்டு போங்கள்.

பிரம்பு இருக்கை தொய்ந்திருந்தால் உடனே வெட்டி எறிய வேண்டாம். நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் வெதுவெதுப்பான ஈரத்துணியை அரை மணி நேரம் போட்டு வையுங்கள். அடிப்பக்கம்தான் நீரை உறிஞ்சும். மேலே இருக்கும் வழவழப்பான தோல் உறிஞ்சாது. நிழலில் ஓர் இரவு காய்ந்தால், இழை அறுந்திராத இருக்கை தப்பட்டை மாதிரி இழுத்துக்கொள்ளும். அறுந்துபோனால் சட்டத்தைப் பாருங்கள். ஓட்டை ஓட்டையாகத் துளைத்திருந்தால் கையால் பின்னியது; சுற்றிலும் ஒரு பள்ளம் மட்டும் ஓடினால் ஆயத்தப் பின்னலைப் பதித்தது. கையால் பின்ன எனக்கு இரண்டு மூன்று நாள் ஆகும், கூலியும் அதற்கேற்ப. அந்தச் செலவையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். பிறகு அதன்மேல் ஏறி நின்று விளக்கு மாட்டக் கூடாது. ஏர்கான் காற்று நேரே படுகிற இடத்தில் வைத்தால் பிரம்பு முறியும், மரமும் வாய் பிளக்கும். தினமும் தண்ணீர் விட்டுத் துடைக்கிற தரையில் காலுக்கடியில் ரப்பர் குமிழ் ஒட்டுங்கள்.

நூறு வருஷக் கதைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிற நாமே, தோட்டத்து லயத்து வரிசை வீட்டைக் காலி செய்து தாமானுக்கு வந்தபோது எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தோம் என்று எண்ணிப் பார்க்கிறேன். தாத்தாவின் ஈசிச்சேர், பிளாஸ்டிக் கயிறு சுற்றிய இரும்பு நாற்காலி, வாசலில் கிடந்த பெஞ்சு. ஈசிச்சேருக்குத் துணி மட்டும் மாற்றினால் போதும், கட்டை அப்படியே இருக்கும். எங்கள் வீட்டில் தப்பியது அம்மா உட்கார்ந்து தேங்காய் துருவிய குட்டை முக்காலி ஒன்றுதான். தோட்டத்துக்குச் சாமான் வந்த பெட்டிப் பலகையில் அப்பா செய்தது. கவிழ்த்துப் பார்த்தால் கறுப்பு மையில் அச்சிட்ட எழுத்துகள் பாதி அறுபட்டு இன்னும் தெரிகின்றன. அவற்றின்மேல் அவர் பென்சிலால் போட்ட அளவுக்கோடும் அழியாமல் இருக்கிறது. அதற்கு நான் மெருகு பூசவில்லை.