ஃபுகாஸிங்கற அமெரிக்க பங்க் ராக் பேண்டோட கதைய எங்கேர்ந்து தோண்ட ஆரம்பிக்கணும்?

நிறைய பேரு நேரா 1990ல வந்த ஆல்பத்த போட்டு கேட்டுட்டு "ஓ இதானா"ன்னு போயிடுவாங்க, அப்படி பண்ணாதீங்க. முதல்ல 1980க்கு போங்க. வாஷிங்டன் டிசில டீன் ஐடில்ஸ்னு ஸ்கூல் பசங்க பேண்ட், பிரியுற நேரத்துல கையில இருந்த காச பங்கு போடாம ஒரு ரெக்கார்டா போட்டாங்க, அதுக்காக ஆரம்பிச்சதுதான் டிஸ்கார்ட்ங்கற ரெக்கார்ட் கம்பெனி. கவர் செய்யத் தெரியாது, அதனால ஒரு பழைய ரெக்கார்ட் கவர பிரிச்சு பாத்து, அதே அளவுல அட்டைய வெட்டி மடிச்சு பசை தடவி கையாலயே ஒட்டிருக்காங்க! எனக்கு பாட்ட விட இதுதான் பிடிச்ச இடம்.

அடுத்து, டீன் ஐடில்ஸ்ல இருந்து பின்னாடி ஃபுகாஸிக்கு வந்த இயன் மெக்கே நடுவுல பாடுன மைனர் த்ரெட் பேண்ட், 1983லயே முடிஞ்சிடுச்சு, ஒரே மூச்சுல கேட்டுடலாம். ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்ங்கற பேண்ட மட்டும் விட்றாதீங்க, ஃபுகாஸிக்கு பாடகர் கை பிச்சியாட்டோவும் டிரம்மர் பிரெண்டன் கேன்டியும் அங்கேர்ந்துதான் வந்தாங்க.

அப்புறம்தான் ஃபுகாஸி, முதல் ஷோ 1987. அப்போ டிக்கெட் பெரும்பாலும் 5 டாலர்தான் இருந்துச்சு, எந்த வயசுக்காரங்களும் உள்ள வர முடிஞ்சுது, டி-ஷர்ட் கூட வித்ததில்ல. 2002 கடைசிக்கு அப்புறம் மேடை ஏறல. ஆனா அவங்க ஷோ நூத்துக்கணக்குல ரெக்கார்ட் ஆகி 2011லேர்ந்து லைவ் சீரிஸா கிடைக்குது, அதுல ஆரம்ப வருஷம் ஒண்ணு, கடைசி வருஷம் ஒண்ணு எடுத்து ஒரே பாட்ட அடுத்தடுத்து கேளுங்க, ஸ்டுடியோ ஆல்பம்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.